பல்லழகி வயிற்றில் பதினான்கு மண்டை

கஸ்பார் வங்கிக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அதற்கு ஈடாக அவர் எழுதிக் கொடுத்திருந்தது தன்னுடைய எலும்புகளை. மண்டை தொடங்கிக் கால் சுண்டுவிரல் வரை மொத்தம் இருநூற்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் வங்கியில் தனி எண் உண்டு.

மேட்டுத்துறையில் இதற்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை. நிலம் பாதி கடலுக்குள் போய்விட்டது. விண்கற்களிலிருந்து தங்கம் டன் கணக்கில் வந்து இறங்கிய பிறகு, தங்கச் சங்கிலியை மாட்டுக் கழுத்தில் கட்டக்கூட மாட்டுக்காரன் யோசிக்கிறான். கடைசியில் ஏழையிடம் அடமானம் வைக்க மிஞ்சியது பாரம் தாங்குகிற எலும்பு ஒன்றுதான். கடல் ஏற ஏற வீட்டை ஜாக்கி கொடுத்துத் தூக்கியாக வேண்டும். நான்கடி தூக்க ஒரு கடன், அடுத்த நான்கடிக்கு இன்னொரு கடன். கஸ்பாரின் பாக்கியில் பாதி அப்படி வந்தது. மீதிப் பாதி அவருடைய அப்பா வாங்கியது. அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பத்தொன்பது வயதுக் கஸ்பாரின் கையில் அந்தத் தாள் வந்து சேர்ந்தது. இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.

அடமானம் வைத்த பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று வங்கி பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக ஆண்டுதோறும் ஆடி மாதம் கடன்காரர்கள் எல்லாரும் துறைமுக ஆஸ்பத்திரிக்கு வந்து ஊடுகண்ணுக்குள் படுக்க வேண்டும். ஊடுகண் என்பது நம் காலத்து ஸ்கேன் எந்திரத்தின் பேரன். ஆளை உள்ளே தள்ளினால் தோலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்து, அதை அப்படியே ஒரு படமாகக் கட்டி வைத்துக்கொள்ளும். அந்தப் படத்துக்கு உடல்நிழல் என்று பெயர். வேலை, கடன், கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஆளைப் பார்க்க மாட்டார்கள், நிழலைத்தான் பார்ப்பார்கள்.

ஐப்பசி மூன்றாம் தேதிக்குள் பாக்கியை அடைக்காதவர்கள் நிலவுச் சுரங்கத்துக்குக் கப்பல் ஏற வேண்டும். ஆறு வருட வேலை. அங்கே பாரம் தெரியாது என்பதால் எலும்பு மெல்ல மெல்லக் கரையும். அடமானப் பொருளைக் கரைத்ததற்கு வங்கி தனியாக அபராத வட்டி போடும். அதனால் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. இந்த வருடப் பட்டியலில் கஸ்பாரின் பெயர் பதினேழாவதாக இருந்தது.

அவர் வேலை பார்த்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். சுறா தள்ளுகிற வேலை.

ஹபீபா டாக்டர் என்று ஒரு ஆராய்ச்சிக்காரி இருந்தார். கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஊரின் கம்பியையும் கான்கிரீட்டையும் கடித்தெடுக்க ஒரு பிடியந்திரம் செய்ய வேண்டும்; அதற்குச் சுறாவின் மண்டையும் தாடையும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும். சுறாவை வெட்டிப் பார்த்தால் அடுத்த வாரம் பார்க்கச் சுறா இருக்காது. ஆகவே வாரம் ஒரு தடவை, உயிரோடு, கண்ணாடித் தொட்டியோடு, ஊடுகண்ணுக்குள் அனுப்பிப் படம் எடுத்தார்கள். தொட்டியும் தண்ணீரும் சுறாவுமாகச் சேர்ந்து ஒரு லோடு லாரி கனம். அதைத் தண்டவாளத்தில் அலுங்காமல் தள்ள ஆள் வேண்டும். ரோபோ தள்ளினால் சுறா மிரண்டது. கஸ்பார் தள்ளினால் மிரளவில்லை.

சுறாவுக்குப் பல்லெல்லாம் வாய்க்கு வெளியே கோணல் மாணலாக நீட்டிக்கொண்டிருக்கும். வாயை மூடினாலும் உள்ளே போகாது. கஸ்பார் அதற்கு வைத்த பெயர் பல்லழகி.

"கஸ்பார் அண்ணே, இங்க பாருங்க" என்று ஹபீபா டாக்டர் ஒருநாள் திரையைக் காட்டினார். "இதுக்கு உடம்புல ஒரு எலும்புகூடக் கிடையாது. எல்லாம் குருத்து. நம்ம காது மடல்ல இருக்கே, அது மாதிரி. மேல மட்டும் பொடிப்பொடியா சுண்ணாம்பு ஓடு பதிச்சிருக்கு. மொசைக் தரை மாதிரி."

"அப்போ இந்தத் தாடை?"

"அது மண்டையோட ஒட்டவே இல்ல. தொங்குது. கடிக்கணும்னா முன்னால வீசும். கடிச்சதும் உள்ள இழுத்துக்கும்."

கஸ்பார் திரையை உற்றுப் பார்த்தார். "எங்க துறைமுகத்துக் கிரேன் கொக்கி கணக்கா இருக்கு, டாக்டரம்மா."

"அதேதான்! இத நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஊடுகண்ணில் ஒரு வில்லங்கம் இருந்தது. யாராவது உள்ளங்கையை வைத்தால்தான் அது சுற்றும். சுறாவுக்கு உள்ளங்கை ஏது? அதனால் கஸ்பார் கையை வைப்பார், எந்திரத்தை ஓட்டுகிற தங்கபுஷ்பம் 'விலங்கு' என்ற பொத்தானை அமுக்குவாள், எந்திரம் சுற்றும். மூன்று வருடமாக இதுதான் நடைமுறை. வராத ஆளுக்காக வந்த ஆள் கைநாட்டு வைப்பது அந்த ஊரில் தப்பில்லை, உதவி.

இப்படி இருக்கையில் ஆடி வந்தது. ஆண்டுப் பார்வைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். டோக்கன் எடுத்தால் இரண்டு நாள் வரிசை. இரண்டு நாள் கூலி போச்சு.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி வெயில்ல நிக்கப் போறிய?" என்றாள் தங்கபுஷ்பம். "உங்க பக்கத்த நான் தொறந்து வச்சிக்கிடுதேன். சுறா வெளிய வந்த கையோட நீங்க படுத்துக்கிடுங்க. அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சிரும்."

"நல்லாருப்ப, புஷ்பம்."

அவள் எந்திரத்தில் கஸ்பாரின் கணக்குப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். கஸ்பார் தொட்டியை ஊடுகண்ணுக்குள் தள்ளி நிறுத்தினார். பழக்கதோஷத்தில், பல்லழகிக்காக, உள்ளங்கையை வைத்தார். பக்கம் திறந்திருக்கிறது, ஆள் கை வைத்திருக்கிறார், உடம்பு உள்ளே இருக்கிறது. எந்திரத்துக்கு வேறென்ன வேண்டும்? கர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி, 'கஸ்பார், ஆண்டுப் பார்வை நிறைவுற்றது, நன்றி' என்று எழுதியது.

இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முடிஞ்சிட்டுங்குது அண்ணாச்சி."

"நான் இன்னும் படுக்கவே இல்லையே?"

"அதுவே முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டுன்னா முடிஞ்சிட்டு. நாம எதுக்குக் கிளறிக்கிட்டு? போய்ச் சாப்பிடுங்க."

கஸ்பார் போய்ச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை வசூலி வந்தது. வசூலி என்பது வங்கியின் தண்டல் ரோபோ. முக்காலி உயரம், அடியில் மூன்று சக்கரம், கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பேச்சு. ஒரே குறை, அதற்குப் படியேறத் தெரியாது. கஸ்பாரின் வீடோ ஜாக்கி கொடுத்துக் கொடுத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கிறது. ஆகவே அது கீழே நின்று மணி அடிக்கும். கடன்காரர்தான் இறங்கிவந்து அதைத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். கனம் நாற்பது கிலோ.

கஸ்பார் மூச்சு வாங்க அதை வாசலில் இறக்கி வைத்தார். அவர் மனைவி எமரன்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்றது வசூலி. "எங்களிடம் அடமானம் வைத்த இருநூற்று ஆறு எலும்புகளையும் யாரிடம் விற்றீர்கள்?"

"என்னது?"

"தங்கள் நிழலில் ஓர் எலும்பும் இல்லை. குருத்து மட்டும் உள்ளது. குருத்துக்கு எங்கள் வங்கி கடன் தருவதில்லை."

"ஏய், எலும்பில்லாதவனா உன்னைய இம்புட்டு உயரம் தூக்கிட்டு வந்தேன்?"

"அதற்கு நன்றி. ஆனால் அது கணக்கில் வராது." வசூலி தொடர்ந்து படித்தது. "பற்கள் பல வரிசை. முன்வரிசை விழுந்தால் பின்வரிசை முன்னே வரும். தாடை மண்டையோடு ஒட்டவில்லை."

"அது என்னமோ உண்மைதான்" என்றாள் எமரன்சி. "கறிக்குழம்பு வச்சா இவருக்குத் தாடை ஒரு எடத்துல நிக்காது."

கஸ்பாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனார். அதற்குள் வசூலியின் குரல் குழைந்தது.

"மேலும், வாழ்த்துகள். தாங்கள் கருவுற்றிருக்கிறீர்கள். பதினான்கு மண்டைகள் தெரிகின்றன."

குழம்பு மட்டும் கொதித்தது. எமரன்சி கரண்டியோடு மெல்ல வெளியே வந்தாள்.

"இருவத்தெட்டு வருசம். ஏறாத கோயில் இல்ல, ஏத்தாத மெழுகுதிரி இல்ல. எனக்கு ஒண்ணத் தரல. இவருக்குப் பதினாலா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த வேகத்திலேயே சிரிப்பும் வந்துவிட்டது. கஸ்பாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதில் முதல் பாதி சிரிப்புக்கானது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வசூலி சட்டத்தை விளக்கியது. எலும்பு போன கடன்காரரால் பாரம் தூக்க முடியாது. ஆகவே கடன் வாரிசுகளுக்குப் போகும். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் வாரிசுதான். ஊடுகண்ணில் மண்டை தெரிந்த நாள் முதல் அது ஓர் ஆள். ஆள் என்றால் கடனுக்கு ஆள். பாக்கியைப் பதினான்கால் வகுத்தால் தலைக்குப் பத்தாயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு ரூபாய். பிறந்த மறுநாள் கைக்கு நோட்டீஸ் வரும்.

"அப்போ நெலாக் கப்பல்?" என்று எமரன்சி கேட்டாள்.

"இவர் பெயர் நீக்கப்பட்டது. ஒரு நிபந்தனை. எத்தனை மண்டை மிஞ்சுகிறதோ அத்தனையால்தான் வகுப்போம். தலைக்கு அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டினால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று சட்டம் இரக்கப்படுகிறது. அப்போது முழுக் கடனும் தாயிடமே திரும்பும்."

"தாயா?"

"தாங்கள்தான். ஐப்பசி இரண்டாம் தேதி கடைசிக் கணக்கு."

"எலும்பில்லாத ஆள வச்சு நெலாவுல என்ன செய்வாவ?"

"குழாய் துடைக்க. எலும்பில்லாதவர்கள் குறுகலான குழாய்க்குள் எளிதில் நுழைவார்கள் என்று நம்புகிறோம்."

வசூலியைக் கீழே இறக்கிவிட்டு வந்து கஸ்பார் உட்கார்ந்தார். தப்பித்தோம் என்று மனம் குதிக்க வேண்டிய நேரம். குதிக்கவில்லை. அப்பாவின் கடன் வந்த அந்த மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. வாங்கியது ஒருவர், கட்டியது இன்னொருவர். இப்போது பிறக்காத சுறாக்குட்டி தலையில் கொண்டுபோய்ச் சாத்துவதா? மீனாக இருந்தால் என்ன, அதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைதானே.

"போய் உண்மையச் சொல்லிட்டு வந்துருதேன்" என்று கிளம்பினார்.

"சொல்லிட்டு அப்படியே கப்பல்ல ஏறிருங்க" என்றாள் எமரன்சி. ஆனாலும் தடுக்கவில்லை.

நிழல் திருத்தும் ஜன்னலில் இன்னொரு எந்திரம் இருந்தது. கஸ்பார் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அது பொறுமையாகக் கேட்டது.

"விண்ணப்பிப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும்."

"உக்காந்துதான இருக்கேன்?"

"எலும்பில்லாதவரால் நிமிர்ந்து உட்கார இயலாது. எனவே தாங்கள் உட்கார்ந்திருப்பது செல்லாது. அடுத்த ஆடியில் வரவும்."

எழுந்து வந்தார். வருகிற வழியில் ரேஷன் எந்திரம் அவர் கை ரேகையைப் பார்த்ததும் தானாகவே கதவைத் திறந்து, கர்ப்பிணிகளுக்கான சத்துமாவைப் பொட்டலம் பொட்டலமாக வெளியே தள்ளியது. பதினைந்து பொட்டலம். வயிற்றில் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்று, தாய்க்கு ஒன்று. எமரன்சி அதில் உருண்டை பிடித்துத் தெருவுக்கே கொடுத்தாள்.

தெரு சும்மா விடுமா? "என்ன கஸ்பாரு, மாங்கா வேணுமா?" என்றார்கள். "எப்ப வளைகாப்பு?" என்றார்கள். ஆவணி முழுக்க அவரால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நிமிர்ந்து நடந்தாலும் அது செல்லாது என்பது வேறு விஷயம்.

பொய் ஒரு தடவை பதிந்துவிட்டால் அடுத்தது தானாக அதன் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பல்லழகிக்கு எடுத்த வாரப் படமெல்லாம் கஸ்பாரின் நிழலுக்கே போனது. தங்கபுஷ்பம் 'விலங்கு' பொத்தானை அமுக்கினால் 'கர்ப்பிணியை இழிவு செய்யாதீர்' என்று எந்திரம் அவளைக் கண்டித்தது. ஹபீபா டாக்டருக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது எனக்குத் தெரியாமப் போச்சே. படம் எடுக்கிறத நிறுத்திரவா?"

"நிறுத்தினா மண்டை எண்ண முடியாதே டாக்டரம்மா. எண்ண முடியலேன்னா பூஜ்யம்னு எழுதிருவானுவ."

ஆகவே எடுத்தார்கள். ஆவணிக் கடைசியில் திரையில் ஏழு மண்டைதான் தெரிந்தது.

கஸ்பாருக்கு அடிவயிற்றில் சில்லென்றது. நிழல்படி பார்த்தால் அதுதானே நியாயம். "மீதி ஏழு எங்க?"

ஹபீபா டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இந்த வகைச் சுறாவுக்கு ஒரு குணம் உண்டு அண்ணே. ரெண்டு கருப்பை. ஒவ்வொண்ணுலயும் பெரிய குட்டி எதுவோ அது கூடப்பொறந்த மத்த குட்டியையெல்லாம் முழுங்கிரும். வயித்துக்குள்ளயே. விரல் நீளம் இருக்கும்போதே அதுக்குப் பல் தயாராயிடுது. இத நேர்ல பார்க்கிறதுக்குத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்." அவர் கண் திரையில் மின்னியது. பிறகு கஸ்பாரின் முகத்தைப் பார்த்து மின்னலை அணைத்துக்கொண்டார்.

"கடைசில எத்தன மிஞ்சும்?"

"பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டு."

பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் கஸ்பாருக்கு வட்டிக்கணக்கு அத்துப்படி. கடன்காரனுக்கு அது தானாக வந்துவிடும். ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் எழுபத்தோராயிரத்து எண்ணூற்று ஆறு. அறுபதாயிரத்துக்கு மேலே. அப்படியென்றால் நிலா.

அதற்குப் பிறகு வாரா வாரம் எண்ணிக்கை இறங்கியது. நிலாவிலிருந்து கடிதம் போட வேண்டியிருக்குமே என்று கஸ்பார் தங்கபுஷ்பத்திடம் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் பழக ஆரம்பித்தார். திங்கள்தோறும் வசூலி வந்து கீழே மணி அடித்தது. கஸ்பார் தூக்கிக்கொண்டு மேலே போனார். "தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கிப் புதுப் பங்கைப் படிக்கும். ஏழாக இருந்தபோது தலைக்கு இருபதாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு. புரட்டாசி நடுவில் நான்கானபோது முப்பத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று. குறைந்ததையெல்லாம் அது 'இறப்பு' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டது.

கஸ்பார் தொட்டிப் பக்கம் குனிந்து பல்லழகியிடம் தனியாகப் பேச ஆரம்பித்தார். "ஏ தாயே, ஒம் புள்ளைகளக் கொஞ்சம் அடக்கி வையேன். மூணு பேரா நின்னாப் போதும். ஒருத்தனுக்கு நாப்பத்தேழாயிரத்துச் சொச்சம்தான் வருது. பங்காளிக்குள்ள அனுசரிச்சுப் போகப்படாதா?" பல்லழகி வாயை மூடித் திறந்தது. பல் எல்லாம் வெளியேதான் இருந்தது.

"நல்ல ஆளுகிட்டச் சொல்லுதிய" என்றாள் தங்கபுஷ்பம். "எங்க அப்பாவோட எட்டடி எடத்துக்கு எங்கண்ணன்மாரு ரெண்டு பேரும் இன்னும் கோர்ட்டுல நிக்காவ. வெளிய வந்த பெறகே இந்த லட்சணம்."

ஐப்பசி இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கடைசிப் படம். வசூலி நேரே ஊடுகண் அறைக்கே வந்துவிட்டது. அங்கே படி இல்லை. எமரன்சியும் வந்திருந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு. இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு டப்பா சத்துமாவு உருண்டை. நிலாவில் குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"போனா எழுதுவியளா?" என்றாள்.

"எழுதத்தான் இப்பம் கத்துக்கிட்டேன்ல" என்றார் அவர்.

கை வைத்தார். கர்ரென்று சுற்றியது. திரையில் இரண்டு குட்டிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தாடை மண்டையோடு ஒட்டாமல் தொங்க, வயிற்றுக்குள்ளேயே வாயை முன்னால் வீசிப் பழகிக்கொண்டிருந்தன. ஹபீபா டாக்டர் தன்னை மறந்து "சுபஹானல்லாஹ்!" என்றார். பிறகு எமரன்சியின் பையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"இரண்டு" என்றது வசூலி. "தலைக்கு எழுபத்தோராயிரத்து எண்ணூற்று ஆறு. வரம்பு தாண்டியது. பன்னிரண்டு பேர் இறந்ததற்கு வங்கியின் ஆழ்ந்த அனுதாபங்கள். தாய் கப்பலுக்குத் தயாராகலாம்."

எமரன்சி பையை அவர் கையில் கொடுத்தாள். அதைப் பார்க்கத்தான் தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை.

"எறந்துட்டு, எறந்துட்டுன்னு வாரா வாரம் எழவு சொல்லுதியே, அது என்ன காய்ச்சல் வந்தா எறந்துச்சு?" அவள் திரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "கண்ணத் தொறந்து பாரு! இந்தா, இது வயித்துக்குள்ள ஆறு மண்டைத் துண்டு. அந்தா, அது வயித்துக்குள்ள ஆறு. கூடப்பொறந்த அம்புட்டுப் பேரையும் முழுங்கிட்டு உப்பிப்போய்க் கெடக்குதுவ. இதுக்கு அந்த மனுசன் நெலாவுக்குப் போகணுமா?"

வசூலியின் உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"திருத்தம்" என்றது. "இறக்கவில்லை? விழுங்கப்பட்டார்களா?"

"ஆமா."

"சக கடன்காரர்களையா?"

"அதத்தான சொல்லுதேன்!"

"விழுங்கியவர், விழுங்கப்பட்டவர்களின் கடனையும் சேர்த்து வைத்திருக்கிறாரா?"

"பின்ன? முழுங்கும்போது கடன மட்டும் துப்பிட்டா முழுங்கும்?"

விசிறி வேகமாகச் சுற்றியது. தலைமையகத்தோடு பேசுகிறது போல. கஸ்பார் மெல்ல முன்னே வந்தார். போகிற நேரத்தில் ஒரு பாரத்தையாவது இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"ஐயா, ஒரு வார்த்த. வயித்துல புள்ளைய சொமக்கிறது நான் இல்ல. இந்தத் தொட்டிக்குள்ள கெடக்கு பாரு, இந்த மீனு. நான் வெறும் ஆளு. என் எலும்பெல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

"நிழலில் உள்ளதே உடல்" என்றது வசூலி. "கண்ணில் படுவது விவாதத்துக்குரியது." ஆனால் இதுவரை இல்லாத ஒரு பணிவு அதன் குரலில் ஏறியிருந்தது. "ஐயா, எங்கள் பக்கம் பெரிய பிழை நடந்துவிட்டது. தங்கள் வயிற்றில் இருப்பவர்களைத் தனிநபர்கள் என்று கருதிவிட்டோம்."

"பின்ன?"

"தன்னோடு சேர்ந்த சிறிய கடன்காரர்களையெல்லாம் விழுங்கி, அவர்கள் கடனையும் சேர்த்து வைத்துக்கொண்டு, திருப்பித் தராமல் வளர்கிறவர் தனிநபர் அல்லர். அவர் நிறுவனம். தங்களிடம் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் ஏகபோகம் என்று ஒரு சங்கடம் வந்திருக்கும். இரண்டு என்பதால் போட்டி நிலவுகிறது. மிக ஆரோக்கியம்."

"அதனால?"

"நிறுவனங்களிடம் கடனைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை. தள்ளுபடி செய்வதே முறை. மேற்கொண்டு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்."

கஸ்பாருக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் மாதம் தவறாமல் கட்டியவர் அவர்.

"எந்த எந்திரம்யா இப்படி ஒரு சட்டம் எழுதுச்சு?"

வசூலி பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. முதல் முறையாக அதன் பதிலில் ஒரு குழப்பம் தெரிந்தது.

"எங்களுக்கு இதை எழுதும் திறமை இல்லை. எலும்பை எண்ணுவது மட்டும்தான் நாங்கள் கண்டுபிடித்தது. இந்த விதி இருநூறு வருடத்துக்கு முந்தையது. மனிதர்கள் தங்கள் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காரணம் எழுதவில்லை. ஆனால் ஒரு வருடம்கூடத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள்."

"அப்போ நான் ஒழுங்காக் கட்டினேனே, அது?"

"அது தனிநபர் பழக்கம்" என்றது வசூலி, மிக மரியாதையாக.

பிறகு அது மூன்று சக்கரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கஸ்பாரின் ஒட்டிப்போன வயிற்றுக்கு நேரே வந்து, முதல் நிறுவனத்துக்கு ஒன்று, இரண்டாவது நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு முறை குனிந்து வணங்கியது. வயிறு கூசியதில் கஸ்பார் ஓரடி பின்னால் நகர்ந்தார். வணக்கம் முடிந்ததும் அது தன் நெஞ்சில் இருந்த சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியது. கஸ்பார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார்.

"பாக்கி, இல்லை."